விற்ற ஊர்தியின் திறவுகோல் எவர் கையில்?

பழைய உந்துகளில் ஒரு வினைக்கு ஒரு மின்னணுப் பெட்டி என்பதே முறை. பொறியை ஆள ஒன்று, விளக்கிற்கு ஒன்று, இருக்கைக்கு ஒன்று எனப் பெட்டிகள் பெருகின. கம்பிச் சுமையும் உடன் பெருகிற்று. அச் சுமையைக் குறைக்கவே செருமானியப் போசு நிறுமம் 'கேன்' என்னும் செய்திப் பொதுத்தடத்தை ஆக்கி, 1986-இல் வெளியிட்டது. ஆயினும் பெட்டிகள் குறைந்தபாடில்லை. 2003-இல் உந்து நிறுமங்கள் கூடி அமைத்த 'ஆட்டோசார்' கூட்டமைப்பே மென்பொருளை வன்பொருளினின்று பிரிக்கும் பொதுநெறி வகுத்தது. இன்ன வினை இன்ன பெட்டியில்தான் இருத்தல் வேண்டும் என்னும் கட்டு அதனால் தளர்ந்தது.

இவ்வழியில் வளர்ந்து வருவதே செயல்சாராக் கட்டமைப்பு. செயலற்ற கட்டமைப்பு என எவரும் மயங்கற்க. எச்செயலையும் ஏற்கவல்லது என்பதே பொருள். கம்பியும் பெட்டியும் வாங்குமுன்னரே முழு உந்தையும் கணிப்பொறியுள் படிமமாக ஆக்கி, எச்செயலை எப்பெட்டி தாங்கும், செய்தி உரிய கணத்துள் சேருமா என்று ஆய்ந்து முடிவுசெய்வர். பாராட்டத்தக்க முறையே இது.

இதன் வலிமையை 2018 மே திங்களில் உலகம் கண்டது. தெசுலாவின் 'மாடல் 3' வண்டி மணிக்கு 60 கல் விரைவினின்று நிற்க 152 அடி கொண்டதென 'கன்சூமர் ரிப்போர்ட்சு' என்னும் நுகர்வோர் இதழ் குறைகூறிற்று. நிறுமம் வான்வழியே மென்பொருளை மாற்றியனுப்பிற்று. மீள ஆய்ந்தபோது 133 அடியில் நின்றது. பணிமனைக்குச் செல்லாமலே பத்தொன்பது அடி குறைந்தது! உயிர் காக்கும் தொலைவு அது. ஆனால் உரியவன் உறங்கும்போதே அவன் வண்டியின் நிறுத்தியைத் திருத்தவல்ல கை, பிழைபட்ட மென்பொருளையும் அங்ஙனமே அனுப்பிவிடக் கூடுமன்றோ? படிமத்தில் தேர்ந்து பாராத எம்மாற்றமும் சாலைக்கு வருதல் கூடாது.

அதனினும் உறுத்துவது வேறொன்று. 2022-இல் பி.எம்.டபிள்யூ. நிறுமம் தென்கொரியா உள்ளிட்ட சில நாடுகளில் இருக்கைச் சூட்டிற்குத் திங்கள் கட்டணம் வைத்தது. சூடேற்றும் கம்பி வாங்கிய வண்டியிலேயே உள்ளது. மென்பொருளே அதனைப் பூட்டியிருந்தது. எதிர்ப்பெழவே 2023-இல் அந்நிறுமம் அதனைக் கைவிட்டது. வீட்டை விற்றபின் அடுக்களைத் திறவுகோலை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போவாரை என்னென்பது?

2021-இல் நடப்புக்கு வந்த ஒன்றிய நாடுகளவையின் 156-ஆம் ஒழுங்குமுறை, மென்பொருள் மாற்றங்களைப் பாதுகாப்பு நோக்கில் நெறிப்படுத்துகின்றது. விற்ற உறுப்பை முடக்கிவைக்கும் உரிமையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எவ்வுறுப்பு திறந்துள்ளது, எது பூட்டியுள்ளது, பூட்டைத் திறக்க என்ன விலை என்பன விற்பனைத் தாளிலேயே எழுதப்படல் வேண்டும்.