இடக்கைப் பிள்ளை

சென்ற மாதம் வடமதுரையில் ஒரு கிருகப்பிரவேசம். பந்தியில் என் எதிரே இருந்த நாலு வயசுப் பையன் வடையை இடது கையால் எடுத்தான். பாட்டியம்மாள் அந்தக் கையில் 'படீர்' என்று ஒன்று வைத்தாள். பையன் அழவில்லை, மறுபடியும் இடது கையையே நீட்டினான். "பழக்கினால் வந்துவிடும்" என்று பாட்டி எனக்குச் சமாதானம் சொன்னாள்.

எனக்கு உடனே, அங்கிருந்து மேற்கே இருக்கும் பழனிதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஊர்ப் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட ஒருவரையும் இப்படித்தான் பழக்கிப் பார்த்தார்கள். வரவில்லை. வராமற் போனது நம் பாக்கியம்!

மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை பிறந்தது 1908-ல். தகப்பனார் முத்தையா பிள்ளையே லயத்தில் பேர் போனவர். மகனுடைய இடக்கை அவருக்கு உவப்பாயில்லை. அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. மிருதங்கத்தில் கரணை வைத்து, சுருதி சேர்த்து, சொற்கள் பேசும் பக்கம் வலந்தலை. பாடகரின் வலப்பக்கத்தில் மிருதங்கக்காரர் உட்கார்ந்தால் அது சபையைப் பார்க்கும். இடக்கைக்காரர் அங்கே உட்கார்ந்தால் சபைக்குத் தொப்பிதான் தரிசனம் தரும்! ஆகவே அவர் இடப்பக்கம் வர வேண்டும். அங்கே இருக்கும் பிடில் வித்வான் எழுந்து இந்தப் பக்கம் போக வேண்டும். லேசில் நடக்கிற காரியமா? மேல்நாட்டு ஜாஸ் கோஷ்டியில் டிரம்ஸ் வாசிப்பவர் இடக்கைக்காரரானால் டிரம்களை இடம் வலம் மாற்றி அடுக்கிக்கொள்கிறார். பக்கத்திலிருப்பவர் நாற்காலியை நகர்த்தக்கூட வேண்டாம். நம் மேடையிலோ உட்காரும் இடமே கௌரவம்.

புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை அவரைச் சிஷ்யராக ஏற்றார். செம்பை வைத்தியநாத பாகவதர் தம் கச்சேரிகளுக்கு அழைத்தார். அப்புறம் ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று பெரிய பாட்டுக்களுக்கெல்லாம் அவர் வாசித்தார்.

அந்த வாசிப்பில் என்ன விசேஷம்? பழைய ஒலிப்பதிவு கிடைத்தால் தொப்பியை மட்டும் கவனியுங்கள். அடித்த கையை எடுக்காமல் தோலின்மேல் அழுத்தி நகர்த்தினால் எழும் நாதத்துக்குக் குமுக்கி என்று பெயர். மாடத்துப் புறா தொண்டைக்குள்ளேயே பேசுவது போலிருக்கும். பிள்ளைக்கு அது வலது கையின் வேலை. பாட்டு இறங்கி வரும் இடத்தில் சும்மா இருந்துவிட்டு, ஒரே ஒரு குமுக்கி வைப்பார். சும்மா இருக்கவும் துணிச்சல் வேண்டும் அல்லவா?

1962-ல் காலமானபோது அவருக்கு 54 வயசு. மிருதங்க வித்வான் ஒருவருக்கு முதன்முதலாக சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்ததே 1966-ல்தான். பாலக்காடு மணி ஐயருக்கு. பழனியின் சிஷ்யர் திருச்சி சங்கரன் வலக்கைக்காரர். குருவின் எதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்ப்பது போலத்தான் இருந்திருக்கும். 1971-ல் கனடா போய் டொரன்டோ யார்க் சர்வகலாசாலையில் அந்தப் பாணியைச் சொல்லிக் கொடுத்தவர், ஜாஸ் கலைஞர்களோடும் வாசித்தவர் அவர். 2011-ல் அவருக்குக் கலாநிதி கிடைத்தது.

பந்தி முடிந்து, பாட்டியம்மாளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

"மிருதங்கம் எந்தக் கையால் வேண்டுமானாலும் வாசிக்கட்டும். சோறு மட்டும் இந்தக் கையால்தான்!" என்றாள்.