ஆசானைப் பிரிதல்

ஆசிரியரைப் பிரிந்த மாணாக்கனை உலகம் ஒரு விசித்திரமான தராசில் இட்டு நிறுக்கின்றது. பிரிந்தபின் அவன் வென்றானாயின் துணிவுடையான் என்கின்றது. தோற்றானாயின் நன்றி கொன்றான் என்கின்றது. செய்த செயல் ஒன்றே. அதற்கு இடும் பெயர் மாத்திரம் பின்னர் வந்த பலனைப் பார்த்து மாறுகின்றது. இவ்வழக்கு நேர்மையானதன்று என்பது எனது துணிபு. இதற்கு நான் காட்டப்போகும் சான்று ஏட்டிலிருந்து எடுத்ததன்று, சேற்றிலிருந்து எடுத்தது.

எமது கல்லூரி மாணவர் சிலருக்கு 'மோட்டோகுறொஸ்' என்னும் மோட்டார் சைக்கிள் ஓட்டத்திலே தீராத பற்று. நன்னூல் வகுப்பு முடிந்ததும் வாசலிலே நின்று அதனைப் பற்றியே வாதிடுவர். கேட்டுக் கேட்டு நானும் ஒருவாறு கற்றுக்கொண்டேன். மேடும் பள்ளமும் சேறும் மணலும் நிறைந்த தடத்திலே, நூறு கிலோவுக்கு மேற்பட்ட இயந்திரத்தோடு பாய்ந்து பாய்ந்து செல்லவேண்டும். அமெரிக்காவின் கோடைத் தொடரில் ஒரே நாளில் இருமுறை, முறைக்கு முப்பது நிமிடமும் அதன்மேல் இரு சுற்றும் ஓடவேண்டும். ஓடுவது இயந்திரம், மனிதன் சும்மா அமர்ந்திருக்கின்றான் என்று நான் எண்ணியிருந்தது பேதைமை. உடலை உரமாக்கிக் கொடுக்கும் ஆசான் ஒருவர் இல்லாமல் அங்கே எவரும் நிலைத்து நிற்பதில்லை.

அத்தகைய ஆசான்களுள் தலையாயவர் அல்டன் பேக்கர் என்பவர். தென்னாபிரிக்கர், முன்னாளில் சைக்கிளோட்ட வீரர். றிக்கி கார்மைக்கல் என்பார் இவரிடம் பயின்று, விளையாட்டரங்கினுள் மண் கொட்டி நடத்தப்பெறும் 'சுப்பர்குறொஸ்' தொடரில் 2001 இல் முதன்முறையாகப் பட்டம் பெற்றார். 2002 இல் கோடைத் தொடரின் 24 ஓட்டங்களிலே 24 இலும் வென்றார். 2011 முதல் 2019 வரை ஒன்பது ஆண்டுகளும் சுப்பர்குறொஸ் பட்டம் பேக்கரின் மாணவர் கையை விட்டு நீங்கவில்லை. வில்லப்போட்டோ நான்கு, டங்கி மூன்று, அண்டர்சன் ஒன்று, வெப் ஒன்று.

புளோரிடாவில் உள்ள அவரது பயிற்சிக்களத்துக்குப் 'பேக்கர்ஸ் பக்டரி' என்று பெயர். கொம்பனிகள் தாமே நடத்தும் அணிகளைப் 'பக்டரி' அணிகள் என்பது அவ்வுலக வழக்கு. ஆயினும் இலக்கணம் படிப்பிப்பவனுக்கு ஒரு சொல் சும்மா கிடக்குமா? பக்டரி என்றால் ஆலை. உண்பதும் உறங்குவதும் சைக்கிள் மிதிப்பதும் ஓய்வதும் அங்கே அளந்தே விடப்படும். ஒரே அச்சில் பல பொருள்களை வார்ப்பது ஆலைக்கு எளிது. மனிதர் எல்லாரும் ஒரே அச்சினுள் அடங்குவரோ?

நிற்க. கென் றொக்சன் என்பவர் ஜேர்மனி நாட்டவர். 2011 இல், பதினேழாவது வயதிலே உலகப் பட்டம் ஒன்றைத் தட்டிக்கொண்ட பிறவி வீரர். அமெரிக்கா சென்று பேக்கரிடம் பயின்று, 2014 இல் 450 சி.சி. கோடைத் தொடரை வென்றார். இரண்டாம் இடத்தில் நின்றவர் அவருடைய அணித் தோழர் றயன் டங்கி. அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. தோற்ற டங்கி, வென்றவரின் ஆசானாகிய பேக்கரிடமே வந்து சேர்ந்தார். றொக்சனோ கே.ரி.எம். அணியை விட்டுச் சுசுக்கி அணிக்குப் போனார். அணி இரண்டு, பட்டம் ஒன்று, ஆசான் ஒருவர். 2015 இல் றொக்சன் பேக்கரைப் பிரிந்தார். அவர் சேர்ந்திருந்த சுசுக்கி அணியின் உரிமையாளருள் ஒருவர் யாரெனில், பேக்கரின் மூத்த மாணவராகிய கார்மைக்கலே!

அவ்வாண்டின் இரு பட்டங்களையும் டங்கி பெற்றார். ஆசானை விட்டான், கெட்டான் என்று சொல்ல இடமாயிற்று. 2016 இல் கோடைப் பட்டத்தை றொக்சன் பெற்றார். ஆசானின்றியும் வென்றான் என்று சொல்ல இடமாயிற்று. ஆனால், அத்தொடரின் தொடக்கத்திலேயே டங்கி கழுத்தெலும்பு முறிந்து விலகியிருந்தார் என்பதையும் மறைத்தலாகாது. 2017 தையில், ஹொண்டா அணிக்கு மாறியிருந்த றொக்சன் முதலிரு போட்டிகளையும் வென்று, மூன்றாவதில் விழுந்து இடக்கை நொறுங்கிப் பல சத்திரசிகிச்சைகளுக்கு உள்ளானார். இவற்றுள் எந்த ஆண்டை வைத்துக்கொண்டு அவருடைய பிரிவுக்குத் தீர்ப்புக் கூறுவது?

பலனை விட்டுவிட்டுச் செயலைப் பார்ப்போம். என் வகுப்பிலே நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரும் சித்தியடையலாம். ஒருவன் தேறுவதால் மற்றவனுக்குக் குறைவில்லை. ஒரே பட்டத்துக்குப் போராடும் இருவரை ஒருவர் படிப்பிப்பது அத்தகையதன்று. மாணாக்கன் தன் தளர்ச்சியையும் அச்சத்தையும் ஆசானிடம் ஒளிக்கலாகாது. ஒளித்தால் பயிற்சி பயிற்சியாகாது. அதே ஆசான் மறுநாட் காலையில் எதிரியோடு நின்று அவனுக்கும் வழி சொல்கின்றார். அவர் எவ்வளவு நேர்மையாளராயினும், மாணாக்கனின் மனம் தானே அடைத்துக்கொள்ளும். அந்நிலையில் நீங்குவது நன்றி கோறல் ஆகாது. வாய்திறவாமல் அங்கேயே கிடப்பதுதான் இருவருக்கும் கேடு.

மாணாக்கன் ஆசிரியனிடம் நெருப்புக் காய்வார் போல, மிக அணுகாமலும் மிக நீங்காமலும் ஒழுகவேண்டும் என்று நன்னூலார் விதித்தார். நம்மவர் நீங்காமையை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டோம். அணுகாமையையும் அவரே சொன்னார் என்பதை வசதியாக மறந்துவிட்டோம். உண்ணும் கவளமும் உறங்கும் நாழிகையும் ஆசானின் கணக்கில் இருக்குமாயின், அது நெருப்புக்கு மிக அண்மையான இடம்.

இதனை எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று வினவுவோருக்கு ஒரு செய்தி சொல்வேன். பல ஆண்டுகளுக்கு முன், பண்டிதர் பரீட்சைக்கு என்னிடம் பயின்ற ஒருவன், ஆறு மாதம் இருக்கையிலே வேறோர் ஆசிரியரிடம் போய்விட்டான். பெறுபேறு வெளிவந்த அன்று என் மாணவரின் பெயர்களைத் தேடுமுன்னர், அவனுடைய பெயர் இல்லாதிருக்கின்றதா என்றே தேடினேன். இருந்தது. அன்று எனக்கு உண்டானது மகிழ்ச்சியன்று. நான் ஐயம் கேட்டால் சினப்பவன் என்பதை அவனுடைய தோழன் ஒருவன் வாயிலாகப் பின்னரே அறிந்தேன்.

பேக்கரை விட்டு நீங்கிய இன்னொருவர் மேலே குறித்த கூப்பர் வெப். 2019 இலும் 2021 இலும் அவரிடம் இருந்தே பட்டம் பெற்றவர். 2021 இன் பின் பிரிந்தார். 2022 இன் சுப்பர்குறொஸ் தொடரில் ஒரு போட்டியிலேனும் வெற்றியில்லை. மீண்டும் பேக்கரிடமே வந்தார். பேக்கர் ஏற்றுக்கொண்டார். 2023 இல் சில போட்டிகளை வென்று, அவ்வாண்டிலேயே கே.ரி.எம். அணியையும் அந்தக் களத்தையும் விட்டு யமஹா அணிக்குப் போனார்; 2025 இல் மூன்றாம் முறையாகச் சுப்பர்குறொஸ் பட்டம் பெற்றார். வாசலில் நின்று வாதிடும் என் மாணவர், அந்தப் பட்டத்தில் பேக்கருக்குப் பங்குண்டா இல்லையா என்று இன்னும் முடிவு காணவில்லை. எனக்கு அதிலும் பார்க்க அந்த 2022 இன் நிகழ்ச்சியே நெஞ்சில் நிற்கின்றது. போனவர் திரும்பி வந்தபோது கதவு திறந்தது.

என்னை விட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. வந்து படலையைத் தட்டியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேனோ என்பது அவர்கள் வாதிடும் போதெல்லாம் நினைவுக்கு வருகின்றது.