ஊழிநாள் குறிப்போர்

உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கும் இயல்பினது என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. ஒடுக்குதற்கு உரிய முதல்வனே மீளத் தோற்றுவித்தற்கும் உரியன் என நிறுவுவது சிவஞானபோத முதற்சூத்திரம். ஆதலின் ஊழி உண்டு என்னுமளவில் சைவர்க்குப் பிறரோடு வழக்கில்லை. இன்ன ஆண்டில், இன்ன நாளில் உலகம் முடியும் என்று கணக்கிட்டுக் கூறுவாரோடும், அந்நாள் வாளா கழிந்தபின்னும் கூறியது பிழையென ஒப்பாதாரோடுமே வழக்கு.

திருவிதாங்கூரில், கருநாகப்பள்ளியை அடுத்த கன்னேற்றியில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. தமிழ் அந்தணர் குடியிற் பிறந்து, 1861-இல் கிறித்தவம் தழுவிப் போதகராயிருந்த யுஸ்துஸ் யோசேப்பு என்பார், ஆறாண்டில் கிறிஸ்து மீண்டு வருவார் என்று 1875-இல் அறிவித்தார். கல்வியும் இசைப்புலமையும் உடைய அவரை வித்துவான் குட்டி என்று மக்கள் அழைத்தனர். பலர் தத்தம் சபைகளை விட்டு அவரைப் பின்பற்றினர். 1881-ஆம் ஆண்டு வந்தது, கழிந்தது, உலகம் இருந்தபடியே இருந்தது. நம்பினாருட் பலர் பழைய சபைகளுக்கு மீண்டனர். தலைவரோ கணக்குப் பிழைத்தது என்றாரல்லர். யுயோமயம் என்னும் புதுப்பெயரால் ஒரு புதுச்சமயத்தையே நாட்டினார்.

இஃது ஒரு நாட்டார்க்கே உரிய குற்றமன்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் வழியினர் 1844 அக்டோபர் 22-ஆம் நாளைக் குறித்தனர். அறுவடையை வயலிலேயே விட்டுக் காத்திருந்தாரும் உளர். அந்நாளும் கழிந்தது. பின்னர் அவருள் ஒரு சாரார், அன்று கிறிஸ்து மண்ணுலகிற்கு வரவேண்டியவரல்லர், விண்ணுலகத் திருக்கோயிலின் உள்ளிடத்திற் புகுந்தார் என்று பொருள் மாற்றினர். நிகழும் என்றது கண்முன்னே. நிகழ்ந்தது என்பதோ ஒருவரும் காணமாட்டாத இடத்தில். காட்சியாற் பொய்த்ததனை உரையால் மெய்யாக்கப் புகுதல் எவ்வளவை நூலார்க்கும் உடன்பாடன்று.

அற்றேல், இவையெல்லாம் புறச்சமயத்தார் பிழையன்றோ, சைவர்க்கு என்னை எனின், அற்றன்று. 1962 பிப்ரவரித் திங்களில் மகரராசியில் எட்டுக் கிரகங்கள் கூடியபோது உலகம் அழியும் என்று பாரத நாடெங்கும் அச்சம் பரவிற்று. வேள்விகள் பல இயற்றப்பெற்றன. யாதும் நிகழவில்லை. உடனே, வேள்வியால் அழிவு விலகிற்று என்றனர் சிலர். அழிந்திருப்பின் சோதிடம் மெய்; அழியாமையின் வேள்வி மெய்! எவ்வாற்றானும் தோலாத வாதம் வாதமேயன்று. நோயில்லாதானுக்கு மருந்தூட்டி நோய் தீர்த்தேன் எனப் பொருள் பறிக்கும் மருத்துவனுக்கும் இவர்க்கும் வேற்றுமை யாது? திருநீறு பூசியவர் வாயிற் பிறந்தமையாற் பொய் மெய்யாகாது.

இனி, ஊழியைக் காட்டி அச்சுறுத்துவார் சங்காரத்தின் பயனையே அறியாதார் ஆவர். பிறந்தும் இறந்தும் இளைத்த உயிர்களுக்கு இளைப்பாற்றும் பொருட்டு இறைவன் செய்யும் அருட்செயலே ஒடுக்கம் என்பது சித்தாந்தம். பண்ருட்டியை அடுத்த திருவதிகை வீரட்டத்தில் முப்புரம் எரித்த செயலையும் மும்மலங்களை நீக்கும் செயலாகவே திருமூலர் விளக்கியருளினார். எரிந்தது மலம்; உய்ந்தது உயிர். அருளின் பொருட்டு அவன் செய்யும் ஒன்றனுக்கு நாள் குறிக்கும் உரிமை எவர்க்கு உண்டு?

பிழையை ஒப்புவதனால் சமயம் கெடும் என்று அஞ்சுவார்க்கு அத்திருவதிகையே விடை பகரும். திருவாமூரில் தோன்றிய மருணீக்கியார், சமணருள் தருமசேனர் என்னும் தலைமை பெற்றிருந்தும், சூலைநோயுற்றுத் தமக்கையார் திலகவதியார்பால் மீண்டு, வீரட்டானேசுவரரைச் சரணடைந்தார். தாம் முன்னர் ஒழுகிய நெறியைத் தம் பதிகங்களில் பலகாலும் வெளிப்படக் கூறி இரங்கினார். அதனால் அவர் பெருமை குன்றிற்றோ? அவரன்றோ நாவுக்கரசர்! அவர் சமயமன்றோ ஓங்கிற்று!

அயலார் செய்யினும் இந்நேர்மை பாராட்டற்பாலது. அமெரிக்கராகிய ஹரால்டு கேம்பிங் 2011 மே 21-ஆம் நாளைக் குறித்தார், அது பொய்த்தபின் தீர்ப்பு ஆவிநிலையில் நிகழ்ந்தது என்று கூறி, முடிவை அக்டோபர் 21-க்குத் தள்ளினார், அதுவும் பொய்த்தது. அவர் சொல்லை நம்பித் தம் சேமிப்பை இழந்தாரும் உளர். எனினும் 2012-இல் தாம் நாள் குறித்தது தவறும் பாவமும் ஆகும் என எழுத்திலேயே ஒப்பினார். காலம் தாழ்ந்ததாயினும் அது மெய்.

ஆகலின், மேலும் ஒரு நாளைக் குறித்து வருவாரிடம் அன்பர்கள் கேட்கற்பாலது ஒன்றே: அந்நாள் பொய்த்தால் நீவிர் எதனைக் கைவிடுவீர்? விடையின்றேல் அவர் சொல்லைச் செவிக்கொள்ளற்க. கணக்குப் பிழைத்தல் மாந்தர்க்கு இயல்பு. பிழைத்த கணக்கைக் காத்தற்பொருட்டு இறைவன்மேற் பொய்யேற்றுதல் சிவாபராதம்.

திருச்சிற்றம்பலம்.