வெறுங்கை வீரன்

பகடை என்ற சொல் காதில் விழுந்தவுடனே நம்மவர் நெஞ்சில் தோன்றுவது சகுனியின் உருவமேயாகும். ஆடித் தோற்ற தருமன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? ஆகவே, என் தமக்கையின் மகன் ஞாயிறுதோறும் பக்கத்துத் தெருவில் பகடை உருட்டுகின்றான் என்று கேள்வியுற்ற அன்றே அவனை அழைத்துக் கண்டித்தேன். அறியாமற் கண்டித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவே இந்தத் திங்கள் எழுதப் புகுந்தேன்.

பையனுக்கு வயது 14. சென்ற ஆண்டுதான் திருச்சியிலிருந்து மைசூருக்கு வந்தான். படிப்பில் குறைவில்லை. ஆனால் கன்னடம் வராது. ஆதலால் பள்ளியில் வாய் திறப்பதில்லை. அவனையும் ஓர் ஆளாக மதித்து அழைத்தவர்கள் இந்த ஆட்டக்காரப் பிள்ளைகள் நால்வர் மட்டுமே என்பதை அவன் தாய் பின்னர்தான் என்னிடம் சொன்னாள்.

ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்க, 1974-இல் வெளிவந்தது. இதிற் பணயம் இல்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, இன்னது செய்கிறேன் என்று வாயாற் கூறுவர். அது கைகூடியதா என்பதை 20 முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். நம் கூத்தும் தாயமும் கைகோத்தாற் போன்றது என்று கொள்ளலாம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொழில் உண்டு. போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்பன போல. அவற்றுள் ஒன்று மாங்க் எனப்படும் துறவி. 1975-இல் பிளாக்மூர் என்னும் துணை நூலில் இவன் முதன்முதல் தோன்றினான். கவசம் அணியான், கேடயம் ஏந்தான், கையாலும் காலாலும் போரிடுவான். வேறு எவரும் விரும்பாத அந்தத் தொழிலைப் புதிதாக வந்த நம் பையன் தலையிற் கட்டினார்கள்.

இரண்டாம் வாரமே முகம் வாடி வந்தான். “மாமா, இந்தத் துறவி ஒன்றுக்கும் உதவான். எல்லாருக்கும் முன்னே செத்தவன் நான்தான். இனிமேல் போகமாட்டேன்” என்றான்.

போகாதே என்று கண்டித்த எனக்கு அது மகிழ்ச்சி தந்திருக்க வேண்டும். தரவில்லை. மறுபடியும் மூலையில் உட்காரப் போகிறானே என்று மனம் பதைத்தது. விதிநூலைக் கொண்டுவரச் சொன்னேன். கணக்குப் பேரேட்டோடு வாழ்கிற எழுத்தனுக்கு அட்டவணை புரியாமற் போகுமா?

அவர்கள் ஆடுவது 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு. முதல் நிலையில் துறவி ஒரு முறைக்குத் தடியால் ஓர் அடி, வெறுங்கையால் ஓர் அடி என இரண்டு அடிக்கலாம். திறமை எண் 16 என்று வைத்து, இரண்டும் பட்டால் சராசரி 13 புள்ளிச் சேதம். அதே வலிமையுள்ள போர்வீரன் பெருவாளால் அடிப்பது ஒரே அடி; சராசரி 10. ஆகத் தொடக்கத்தில் துறவியே மேல்! பதினோராம் நிலைக்கு வந்தால் கணக்குப் புரள்கிறது. திறமை எண் இருவருக்கும் 20 என்று கொண்டால் போர்வீரனுக்கு 36, துறவிக்கு 28½. தன் கையிருப்பான ‘கி’ என்னும் உள்ளாற்றலில் ஒரு புள்ளி செலவிட்டால் 38 ஆகும். ஆனால் அந்த இருப்பு விரைவிற் கரையும். இக்குறையை உணர்ந்தே 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில் துறவியின் பகடையை ஒரு படி உயர்த்தியிருக்கிறார்கள்.

எனவே தொடக்க நிலையில் அடிக்கும் ஆற்றலிற் குறைவில்லை. குறை எங்கே? உயிர்ப்புள்ளியிலே. போர்வீரன் 10-இல் தொடங்கினால் இவன் 8-இல் தொடங்குகிறான். மேலே இரும்பும் இல்லை. அதற்கு ஈடாக இரண்டாம் நிலையில் 10 அடி தூரம் கூடுதலாக ஓடுவான். ஒரு புள்ளி செலவிட்டு எதிரியின் கைக்கு அகப்படாமல் விலகுவான். அடித்துவிட்டு அகல வேண்டியவன். நின்று அடிபட வேண்டியவன் அல்லன்.

நம் ஊரில் இதற்குச் சான்று உண்டு. விஜயதசமியன்று அரண்மனை வளாகத்தில் நடக்கும் வஜ்ரமுஷ்டிப் போரை நீங்கள் பார்த்திருக்கலாம். தலை மழித்த ஜட்டி மல்லர்கள் விரல்களிற் கருவி மாட்டிப் பொருதுவர். ஒருவர் தலையில் முதல் துளிக் குருதி தோன்றியதும் போர் முடிந்தது. அங்கே தடித்த உடலைவிட, அடி விழுமுன் விலகும் தலைக்கே மதிப்பு.

“அரக்கன் எதிரே ஏனடா நின்றுகொண்டிருந்தாய்? விலகியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: “‘ஹொடீதீனி’ என்று மட்டும்தான் மாமா எனக்குச் சொல்லத் தெரியும்.”

அடிக்கிறேன் என்பது அதன் பொருள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான்கு வாரம் ஆட நினைத்திருக்கிறான் குழந்தை! தொழிலில் இல்லை குறை, சொல்லில் இருந்தது. பயணச்சீட்டுச் சாளரத்தில் பத்தாண்டு அமர்ந்து நான் கற்ற கன்னடம் அன்று பயன்பட்டது. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: ‘ஓட்தீனி’, ஓடுகிறேன். ‘ஹார்தீனி’, தாண்டுகிறேன். ‘ஹிந்தெ ஹோக்தீனி’, பின்னே போகிறேன்.

அடுத்த ஞாயிறு, போகமாட்டேன் என்றவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அந்த வாரம் அவன் துறவி சாகவில்லை. இப்பொழுது தாளில் இல்லாத சொற்களும் அவன் வாயில் வருகின்றன. சிலவற்றின் பொருளை நானே அவனிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் வீட்டிலே தமிழ் பேசட்டும். அது நம் கடமை. ஆனால் வெளியே செல்லும் பிள்ளையின் சட்டைப் பையில் அவ்வூர்ச் சொற்கள் நான்காவது இருக்கின்றனவா என்று பாருங்கள். நம்மிடம் அது இல்லாதபோது நாமும் எத்தனை இடங்களில் விலகத் தெரியாமல் நின்று அடிபட்டோம் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.