நாயக வேடமும் நாட்டின் கணக்கும்

மக்களாட்சியில் தலைவரைத் தெரிவுசெய்யும் உரிமை மக்களுடையது. அத்தலைவரை வீரராக்கி, வேந்தராக்கி, ஈற்றில் தெய்வமாகவே ஆக்கிக் காட்டும் தொழிலை இன்று தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் மேற்கொண்டுள்ளன. அன்று அரசவையில் மட்டும் ஒலித்த புகழ்மாலை, இன்று நாழிகைதோறும் நம் வீட்டுக்குள்ளேயே ஒலிக்கின்றது.

இதற்குச் சான்று தேடி நாம் அலைய வேண்டியதில்லை. 2009இல் போர் முடிந்ததும் மகிந்த ராஜபக்ஷ மகாராஜா என்று பாடப்பெற்றார். அவ்வாண்டு வெளிவந்த ஆயிரம் ரூபாத் தாளிலும் கைகளை உயர்த்திய அவருடைய உருவம் பொறிக்கப்பட்டது. பத்தாண்டுகளின் பின் அவருடைய தம்பி கோட்டாபய செயல்வீரராகக் காட்டப்பட்டார். 2019 நவம்பரில் 69 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. அதையடுத்து நாடெங்கும் மதிற்சுவர்களில் மன்னர்களும் போர்வீரர்களும் சித்திரங்களாகத் தோன்றினர்.

வீரரென்று வணங்கப்படுபவரிடம் கணக்குக் கேட்பவர் யார்? 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. பல்லாண்டுகளில் படிப்படியாகச் செய்யவேண்டிய மாற்றம் ஒரே ஆணையில் திணிக்கப்பட்டது. விவசாய அறிஞர்களின் எச்சரிக்கை செவியேறவில்லை. வயலில் நெல் குன்றியது. தோட்டத்தில் கொழுந்து குறைந்தது. நவம்பரில் தடை தளர்ந்தபோது கமக்காரரின் போகம் கைநழுவிவிட்டது. தோட்டத் தொழிலாளர்க்கு 2020 மார்ச் முதல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற அறிவிப்பு ஆரவாரத்துடன் வந்தது. சம்பளச் சபையின் வழியே வர்த்தமானி வெளிவர ஓராண்டு சென்றது. 2022 யூலையில் நாயகர் நாட்டைவிட்டே வெளியேறினார். நட்டமோ வயலிலும் மலையிலும் தங்கிவிட்டது.

இது பிறருடைய நோய் என்று நாம் நகைப்பதும் தகாது. நாவலப்பிட்டியில் பிறந்து, தமிழகத் திரையில் ஏழைபங்காளராகத் தோன்றிய எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரானார். அவரது படம் நம் லயன் சுவர்களிலும் தொங்கிற்று. ஆயினும் பசித்த பிள்ளைக்குச் சோறிட்டது 1982இன் சத்துணவுத் திட்டமேயன்றித் திரையில் அவர் சுழற்றிய வாள் அன்று. போற்றுவதாயின் திட்டத்தைப் போற்றுவோம்.

அரநாயக்கவில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகும். 2016 மே 17ஆம் நாள் சாமசர மலை சரிந்தது. மாண்டோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேற்பட்டோர். அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் குடும்பங்கள் மண்ணில் புதையுண்டன. அழிவு நேர்ந்த இடத்தில் தலைவர்கள் நிற்கும் படம் எளிதில் கிடைத்துவிடும். சரிவை அளந்து முன்னெச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து அலுவலர்க்கோ, மழையிரவில் வீடுவீடாகச் சென்று மக்களை எழுப்பும் கிராம சேவையாளர்க்கோ ஆளுயரப் படம் வைப்பார் இல்லை. ஆனால் அடுத்த மழையில் உயிர் காக்கவேண்டியது அவர்களுடைய பணியே. அப்பணிக்குப் பணமும் ஆளும் உண்டா, ஆபத்தான சரிவிலிருந்து லயன்கள் அகற்றப்பட்டனவா என்பதே நம் வினாவாதல் வேண்டும்.

கற்றறிந்த சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், வைத்தியர்களுக்கு இதில் தனிக்கடமை உண்டு. மேடையில் கூறப்பட்ட வாக்குறுதியையும் வர்த்தமானியையும் அருகருகே வைத்து, கமக்காரர்க்கும் தொழிலாளர்க்கும் படித்துக் காட்டுங்கள். எந்த நாளில் நிறைவேறும், எந்த நிதியிலிருந்து, எவர் பொறுப்பு என்று வாக்குக் கேட்டு வருவோரிடம் வினவுங்கள். விடை கிடைத்தபின் மாலையைப் பற்றி எண்ணலாம்.