கல்மரத்துக்கு வேலி உண்டு, ஆசிரியர் இல்லை

இயற்கையைக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனி வேலை. பறவையின் பெயரைச் சொல்லி நகர்வதும் அறிவிப்புப் பலகையை உரக்க வாசிப்பதும் அந்த வேலையில் சேராது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தின் முன் நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, அது 12 கோடி ஆண்டுப் பழைமை என்ற கணக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. மரம் எப்படிக் கல்லாகும் என்று கேட்கும். வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற பெரம்பலூரில் கடல் இருந்ததா என்று அடுத்துக் கேட்கும். வெள்ளம் அடித்துவந்த மரம் கடல் வண்டலில் புதைந்ததையும், நார் நாராகச் சிலிக்கா ஊறி இறுகியதையும், ஒரு கிளிஞ்சல் படிவத்தைக் கையில் கொடுத்து அரைநாள் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அரசுப் பள்ளிகளின் பணியிடப் பட்டியலில் அந்த ஆளுக்குப் பதவிப் பெயரே இல்லை.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களுக்கும் இயற்கை வைத்த குறை ஒன்றுமில்லை. சாத்தனூர் கல்மரத்தை 1940இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவரான எம்.எஸ்.கிருஷ்ணன். அதற்கும் முக்கால் நூற்றாண்டு முன்னரே புவியியலாளர் பிளான்ஃபோர்டு இங்குள்ள பாறை அடுக்குகளை வகைப்படுத்தினார்; ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவற்றுக்கு ஏற்பட்ட பெயர்கள் இன்றும் உலகப் புவியியல் நூல்களில் உள்ளன. காரையின் செம்மண் ஓடைகளில் அம்மோனைட், பெலம்னைட் என்னும் பழங்கடல் உயிரிகளின் படிவங்கள் காலில் இடறும். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. மேட்டூர் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து நிரப்பும் கரைவெட்டி ஏரி, 454 ஹெக்டேர் பரப்பு. 1999இல் பறவைகள் சரணாலயம், 2024 ஜனவரியில் ராம்சர் தலம். இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்துகள் வந்து இறங்கும் இடம் அது.

இத்தனையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை, ஏற்கெனவே வேறு வேலையில் இருப்பவரின் கூடுதல் சுமையாகவும், மதிப்பூதியத் தன்னார்வலரின் ஓய்வு நேரமாகவும், ஆண்டில் ஒரு மாதம் விலக்கிய ஒப்பந்தமாகவும் வைத்துக்கொள்வது என்ற முடிவுதான் இங்கே கேள்விக்குரியது. முதல் இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவதில் உள்ள அநியாயம், அதை வகுத்தவர்களைத் தவிர எல்லோருக்கும் தெரிகிறது.

2012இல் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி ஆகியவற்றோடு தோட்டக்கலையும் வாழ்வியல் திறனும் பாடங்களாக இருந்தன. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். மண்ணும் செடியும் கையில் படக் கற்பிக்கிற ஆளுக்கு அரசுப் பள்ளிக்குள் கிடைத்த மிக நெருங்கிய இருக்கை அந்தத் தோட்டக்கலை ஆசிரியருடையதுதான். தொகை பிறகு 7,000, 7,700, 10,000, 12,500 என்று படிப்படியாக ஏறியது. ஆனால் ஆண்டுக்கு 11 மாதம் என்ற கணக்கு ஆண்டுக்கணக்காக அசையவில்லை. பள்ளி மூடியிருக்கும் மே மாதம் ஊதியம் இல்லாமலே கழிந்தது. 12,500 ரூபாயை 11 மாதம் பெற்றவருக்கு ஆண்டு முழுவதும் கிடைத்தது 1,37,500 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,458. உயர்வு என்று அறிவிக்கப்பட்டதிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்தைக் கோடை தின்றுவிட்டது.

பள்ளி மூடியிருக்கும்போது ஊதியம் எதற்கு என்ற வாதம் காகிதத்தில் மட்டும் நேராக நிற்கும். அதே பள்ளியின் நிரந்தர ஆசிரியருக்கு அதே மே மாதத்துக்கு ஊதியம் உண்டு. அவருக்கு அது விடுமுறை. ஒரே பூட்டு தொங்கும் ஒரே கதவு ஒருவருக்கு ஓய்வாகவும் மற்றவருக்கு வேலையின்மையாகவும் ஆவதற்குக் கற்பித்தல் சார்ந்த காரணம் எதுவும் இல்லை. வீட்டு வாடகை மே மாதத்தில் நிற்பதில்லை. மளிகைக் கடைக்காரர் 11 மாதக் கணக்கு எழுதுவதில்லை. எனவே செடி நடக் கற்பித்தவர் ஏப்ரல் முடிந்ததும் ஜவுளிக் கடையிலோ கட்டட வேலையிலோ கூலிக்குப் போகிறார். போனவர்களில் எத்தனை பேர் ஜூனில் அதே ஆர்வத்தோடு திரும்புவார்கள் என்பதை நிதிக் குறிப்பு எழுதுபவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிள்ளைகளுக்கு முழு நாளும் கையில் இருப்பது அந்த ஒரு மாதத்தில்தான் என்பது இன்னும் மோசமான பகுதி. பள்ளி ஆண்டின் நடுவே வாரம் ஒரு பாடவேளையைக் கேட்டு வாங்கி, அதையும் கணக்குப் பாட ஆசிரியரிடம் பறிகொடுக்கும் துறை இது. கோடை முகாம்தான் அதற்கு உரிய பருவம். வெயில் என்பது உண்மையான தடைதான். பெரம்பலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் காரை ஓடைகளை நடந்து முடித்துவிடலாம், பகலில் வாரணவாசிக் கூரையின்கீழ் உட்காரலாம். கரைவெட்டியில் பறவை போயிருக்கும், நீரும் இறங்கியிருக்கும். ஆனால் ஏரியின் வயிற்றைப் பார்க்க அதுவே ஏற்ற காலம். வரத்துவாய்க்கால் எங்கே நுழைகிறது, மதகு எப்படித் திறக்கிறது, வண்டல் எங்கே தேங்குகிறது என்பதை ஏரி நிரம்பித் தளும்பும் மார்கழியில் காட்ட முடியாது. மார்கழியில் காட்ட வேண்டியது பறவை. இரண்டையும் ஒரே பிள்ளைக்கு ஒரே ஆசிரியர் காட்டினால்தான் ஏரி என்ற பாடம் முழுமையாகும். அதற்குப் பன்னிரண்டு மாத ஆள் தேவை.

சென்னைப் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டுப்பாடு இவ்வளவு இல்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவில் கோடை முகாம் நடக்கிறது. 2011இல் திறக்கப்பட்ட அடையாறு தொல்காப்பியப் பூங்கா, 58 ஏக்கரில், பள்ளி மாணவர்களை வரவழைத்துக் கற்பிப்பதற்கென்றே அமைந்தது. அங்கே குப்பையை அகற்றி, செடி நட்டு, நீர்நிலையைச் செயற்கையாக மீட்டெடுத்த பிறகுதான் பாடம் தொடங்க முடிந்தது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மீட்டெடுக்கும் செலவுகூட இல்லை; பாடம் தரையில் கிடக்கிறது.

தரையில் கிடப்பதைப் பாதுகாத்த வரலாறும் பெருமைப்படத்தக்கதாக இல்லை. அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த பேருருவ டைனோசரின் எலும்புகள் 1980களில் புருஹத்காயோசாரஸ் என்ற பெயரில் விவரிக்கப்பட்டன. கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர். உலகில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருக்கலாம் என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. அது எலும்பே அல்ல, கல்மரத் துண்டு என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. எலும்புகளை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வழியில்லை. மழையில் நனைந்து, பொடிந்து, அவை அழிந்துவிட்டன. உள்ளூரில் ஒரு தலைமுறை மாணவருக்கு அதன் மதிப்பு தெரிந்திருந்தால் ஒரு தார்ப்பாயாவது விரித்திருப்பார்கள்.

2020இல் குன்னம் பகுதியில் மண் வெட்டியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்ற செய்தி ஒரே நாளில் ஊர் ஊராகப் பரவி, கூட்டம் கூடியது. அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் படிந்து இறுகிய உருண்டைகள் அவை என்று வல்லுநர்கள் வந்து சொல்ல வேண்டியிருந்தது. காலடியில் உள்ள கல்லை அடையாளம் காணத் தெரியாதது ஊர்மக்களின் குற்றம் ஆகாது. சொல்லிக்கொடுக்க ஆள் வைக்காதவர்களின் குற்றம் அது. அதே நாற்காலிகள்தான் அரியலூரை 2001இல் மாவட்டமாக்கி, 2002இல் பெரம்பலூரோடு சேர்த்து, 2007இல் மறுபடியும் பிரித்தன. பெயர்ப்பலகைகளை மூன்று முறை எழுதச் செலவு இருந்தது.

சுற்றுச்சூழல் கல்வி எல்லா நிலைகளிலும் கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991 நவம்பரில். பத்தாண்டு கழித்து வந்த தேசியப் பசுமைப்படைத் திட்டம் ஒரு பள்ளி மன்றத்துக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 2,500 ரூபாய், பின்னர் 5,000. மாதத்துக்கு 417 ரூபாய்கூட வரவில்லை. கரைவெட்டிக்கு ஒரு வகுப்பை ஒருமுறை அழைத்துச் சென்று வரும் பேருந்து வாடகைக்கு அது காணாது. மன்றப் பொறுப்பாசிரியர் தன் பாடத்தையும் தேர்வு விழுக்காட்டையும் காப்பாற்றிக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் மரக்கன்று நட்டு, புகைப்படம் எடுத்து அனுப்பினால் திட்டம் நிறைவேறியதாகக் கோப்பில் ஏறிவிடும். புகைப்படத்துக்குப் பிறகு அந்தக் கன்றுக்கு மே மாதத்தில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதைக் கேட்கக் கோப்பில் இடமில்லை.

பணம் இல்லை என்ற பதில் வேறெந்த மாவட்டத்திலிருந்து வந்தாலும் கேட்டுக்கொள்ளலாம். அரியலூரிலிருந்து வரக்கூடாது. பழைய கடலின் சிப்பியும் சுண்ணமும்தான் இங்குள்ள சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். 2015இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி, பழைய குத்தகைதாரர்கள் உரிமைத்தொகையில் 30 விழுக்காட்டுக்கு நிகரான தொகையை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். அதைச் செலவிட முன்னுரிமை தரப்பட்ட துறைகளில் கல்வியும் சுற்றுச்சூழலும் அடக்கம். அந்த நிதியிலிருந்தோ வேறு தலைப்பிலிருந்தோ, இயற்கையைக் கற்பிப்பவருக்குப் பதவிப் பெயரும் பன்னிரண்டு மாத ஊதியமும் தருவதற்கு ஒரு வழி காணப்பட வேண்டும். கட்டடம் கட்டத் தலைப்பு தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்த துறைகளுக்கு இது புது வித்தை அல்ல. எந்தத் துறை, எத்தனை பேர், என்ன தகுதி என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். பேசி முடிப்பதை அடுத்த கோடைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கோடைக்கான பிள்ளைகள் ஏற்கெனவே ஆளில்லாத ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.