பலாத்காரத்திலும் பாகுபாடா?

பதினெட்டு வயது தாண்டிய மில் தொழிலாளியை மேஸ்திரி பலாத்காரம் செய்தால், எந்தப் பிரிவில் புகார் எழுதுவது? பழைய 377வது பிரிவு இருந்தது. மனமொத்தவர்களைத் தண்டித்த அதன் பகுதியை 2018ல் சுப்ரீம் கோர்ட் நீக்கியது, சரியே. 2024 ஜூலை 1ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ, பலாத்காரத்தைத் தண்டித்த மிச்சப் பகுதியையும் கைவிட்டது. அதன் 63வது பிரிவு ‘பெண்’ என்று மட்டுமே சொல்கிறது. அங்கே குறைந்தது 10 ஆண்டு சிறை. திருநங்கைக்கு இழைத்த கொடுமைக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் வைத்ததோ அதிகபட்சம் 2 ஆண்டு! உழைப்பாளியின் மானத்துக்கு இரண்டு விலையா?

பெண்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது. பாதிக்கப்பட்டவர் எவராயினும் அதே பாதுகாப்பு வேண்டும். வர்மா கமிட்டி 2013லேயே சொன்னது இதுதான். தோழர்களே, சங்கந்தோறும் தீர்மானம் போடுவோம்!